மாமாவுக்கு நான் மொழிபெயர்த்த நீர்மூழ்கிப் படம்

எங்கள் வீட்டில் டொச் என்கிற ஜேர்மன் பாஷை ஒழுங்காய்த் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்ற திமிர் எட்டு வயதில் எனக்கு நிறையவே இருந்தது. அப்பாவின் டொச் அவர் வேலை செய்த ரெஸ்ரோரண்ட் குசினிக்குள் மட்டும்தான் செல்லும்: வெங்காயம், கெதியாய், இன்னும் கெதியாய். அம்மாவுக்கு வணக்கமும் நன்றியும் தெரியும். மாமாவுக்கு அதுவும் இல்லை.

மாமா அம்மாவின் தம்பி, மன்னாரில் கடலுக்குப் போனவர். சுவிஸில் அவருடைய அகதிக் கேஸ் றிஜெக்ட் ஆகி, நாட்டை விட்டுப் போ என்று சொல்லிவிட்டார்கள். அவர் முகாமிலிருந்து கிளம்பி, ஓல்டனில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் வந்து ஒளித்திருந்தார். பிடித்தால் பிளேனில் ஏற்றிவிடுவார்கள். அங்கே இறங்கினால் என்ன நடக்கும் என்று கேட்டால் அம்மா சிலுவை போட்டுக்கொள்வாவே தவிர வாய் திறக்கமாட்டா. மாமாவைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் மூச்சும் விடக்கூடாது என்பது எனக்கு இட்ட கட்டளை. சத்தியமாய் நான் விடவில்லை.

கார்த்திகை மாதம் ஓல்டனில் பனிப்புகார் இறங்கினால் கிழமைக்கணக்காய் எழும்பாது. எதிர்க் கட்டிடம் இருந்த இடத்தில் ஒன்றும் இருக்காது. ஆறும் ரெயில்பாதையும் தெரியாது, பெட்டிகள் ஒன்றோடொன்று முட்டுகிற சத்தம் மட்டும் எங்கேயோ அடியிலிருந்து வரும். அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரீவியில் ஒரு படம் போனது. அமெரிக்காக்காரர் எடுத்த பழைய கறுப்புவெள்ளைச் சண்டைப் படம், கடலுக்கு அடியில் ஒளித்துத் திரிகிற ஒரு நீர்மூழ்கிக் கப்பலைப் பற்றியது. நான் நடுவில் குந்தியிருந்து மாமாவுக்கும் அம்மாவுக்கும் மொழிபெயர்த்தேன். தொல்லை என்னவென்றால், படத்துக்கு டொச்சில் குரல் கொடுத்திருந்ததால் அமெரிக்கக் கப்டனும் டொச் கதைத்தான், அவனை அழிக்க வந்தவனும் டொச் கதைத்தான்.

“இதில ஆர் பிள்ளை எங்கட பக்கம்?” என்று மாமா கேட்டார்.

எனக்கே தெரியாது. “கீழ இருக்கிறவை,” என்று ஒரு போடு போட்டேன்.

மேலே எதிரிக் கப்பலில் ஒருவன் வெறும் கடலைப் பார்த்து “உண்டர்கெட்டவுக்ட்!” என்று கத்தினான். தண்ணிக்குள்ள மூழ்கிட்டினமாம் என்றேன். பிறகு கீழே ஒருவரும் பேசவில்லை. வியர்வை வழிய எல்லாரும் முகட்டைப் பார்த்தபடி நின்றார்கள். அந்த அமைதிக்குள் டொக்... டொக்... என்று ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தம் ரீவியில் இல்லை என்று முதலில் கண்டுபிடித்தவர் மாமாதான்.

எங்கள் கதவைத்தான் யாரோ தட்டினார்கள். மாமா ஒரு விரலைத் தூக்கினார். அம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற இடத்திலேயே நின்றா. மறுபடியும் டொக், டொக். பெலக்கவும் இல்லை, அவசரமும் இல்லை. ரீவிக்குள்ளும் அறைக்குள்ளும் எல்லாரும் ஒரே மாதிரி மூச்சடக்கி நின்றதைப் பார்க்க எனக்குப் பயமும் வந்தது, சிரிப்பும் வந்தது. பிறகு தட்டுகிற சத்தம் நின்றது. ஆனால் தட்டினவர் படியிறங்கிப் போன சத்தம் ஒருவருக்கும் கேட்கவில்லை. அம்மா மெல்லப் போய் ரீவியை நிப்பாட்டினா.

பின்னேரம் வேலையால் வந்த அப்பா உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். “இதை ஆர் இப்பிடி வைச்சது?” என்றார்.

காலையில் குப்பை போடக் கீழே போய்வந்த மாமா, ஊர்ப் பழக்கத்தில் சப்பாத்தைக் கழற்றிக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு வந்திருந்தார். ஐயோ, உள்ளே நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, வெளியே ஒரு ஆம்பிளையின் சப்பாத்து! அதுவும் அவர் உதறிவிட்ட மாதிரி ஒன்று அங்கே ஒன்று இங்கே கிடக்கவில்லை. சோடியாய்ச் சேர்த்து, நுனி படியைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தது. இரக்கப்பட்ட யாரோ வைத்ததா, வெருட்ட வைத்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மாமா குனிந்து அதைப் பார்த்தார். “போகச் சொல்லிக் கிடக்கு அக்கா,” என்றார். திருப்பி வைத்தபடியே அதற்குள் காலை விட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். நான் ஜன்னலுக்கு ஓடினேன். தெருவிளக்குக்கு இந்தப் பக்கம் தெரிந்தார், அந்தப் பக்கம் தெரியவில்லை. படத்தின் முடிவைப் பார்க்கவிடவில்லை என்று எனக்கு எல்லாரிலும் கோபம்.

அடுத்த கிழமை இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். வீட்டில் அம்மாவும் நானும்தான். அறைகளைப் பார்த்தார்கள், கட்டிலுக்குக் கீழே பார்த்தார்கள். கடைசியில் அவர்களில் மூத்தவர் என்னைப் பார்த்து, மாமாவைப் பற்றி “உண்டர்கெட்டவுக்ட்” என்று சொன்னார். இந்தச் சொல்தான் எனக்குத் தண்ணிபட்ட பாடாயிற்றே! அம்மா கேட்க முதலே சொன்னேன்:

“மாமா தண்ணிக்குள்ள மூழ்கிட்டாராம் அம்மா.”

அம்மா அப்படியே நிலத்தில் விழுந்தா. “மடு மாதாவே! கடல் விட்ட பிள்ளையை இந்த ஆறு கொண்டுபோட்டுதே!” என்று அவ வைத்த ஒப்பாரியில் கீழ்வீட்டுக் கதவு திறந்தது. பொலிஸ்காரருக்கு வெலவெலத்துப் போய்விட்டது. இல்லை இல்லை என்று கையை ஆட்டினார். பிறகு வேறு வழி தெரியாமல் எங்கள் ஜன்னல் சீலைக்குப் பின்னால் போய் நின்று தலையை மட்டும் நீட்டிக் காட்டினார். தொப்பி போட்ட அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டே அம்மாவின் அழுகை நின்றது.

“ஒளிச்சிட்டான் எண்டோ சொல்லுறார்?” என்றா. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பி, அந்த இரண்டு பேருக்கும் தேத்தண்ணி போட்டா.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. சொன்ன சொல்லைச் சொன்னபடிதானே மொழிபெயர்த்தேன்! அவர்கள் போனதும் அம்மாவிடம் கேட்டேன்: “அப்ப மாமா எப்ப மேல வருவார்?” அம்மா கோப்பையைக் கழுவினா. அப்பா வந்ததும் அவரிடம் கேட்டேன். அவர் சப்பாத்தைக் கழற்றி உள்ளே எடுத்து வைத்தார். அதற்குப் பிறகு மாமாவிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. புகார் இறங்கும்போதெல்லாம் நான் கேட்டேன், அவர்கள் ஒருநாளும் பதில் சொல்லவில்லை. பாவம், டொச் தெரியாததால்தான் இவர்களுக்கு என் கேள்வி விளங்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.