முப்பது வினாடி நின்றவர்

பாலம் வருவதற்கு முன்பு எங்கள் ஊரில் எல்லோரும் படகில்தான் வேலையிலிருந்து வீடு திரும்பினோம். ஸ்கார்சுந்த் ஜலசந்தியின் இரு கரைகளுக்கும் நடுவே எட்டு நிமிடப் பயணம். அக்டோபரில் ஆறு மணிப் படகு இந்தக் கரைக்கு வரும்போது வானம் கருநீலமாகியிருக்கும், மீன் கிடங்குகளின் முன்னால் விளக்குகள் எரியத் தொடங்கியிருக்கும். துறையில் இரண்டு பேர் கட்டாயம் இருப்பார்கள். ஒருவர் படகின் கயிற்றை வாங்கித் தூணில் மாட்டும் ஐலிஃப். இன்னொருவர் கேமராத் தாங்கியின் பின்னால் குனிந்து நிற்கும் ஓட்முன்.

ஓட்முனுக்குத் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெர்கன் நகரத்திலிருந்து வரவழைத்த ஒரு அகலக்கோண லென்ஸ் வைத்திருந்தார். இடது பக்கக் கிடங்கிலிருந்து வலது பக்கக் கலங்கரை விளக்கம்வரை துறை முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். வானத்தின் வெளிச்சமும் விளக்குகளின் வெளிச்சமும் சமமாக இருப்பது பதினோரு நிமிடம் மட்டும்தான் என்பார். அதற்காக இருபத்தாறு வருடம் அதே இடத்தில் நின்றார்.

மங்கிய வெளிச்சத்துக்காக லென்ஸை முப்பது வினாடி திறந்து வைப்பார். அந்த முப்பது வினாடியில் நடந்து போகிறவர்கள் படத்தில் விழமாட்டார்கள். கல்லும் கம்பமும் மட்டும் தங்கும். ஐலிஃபுக்கு இது பெரிய வேடிக்கை.

"தபால்காரா, இன்னைக்காவது நான் இருக்கேனா?"

"நீ ஓடிக்கிட்டே இருந்தா எப்படிய்யா விழுவே? முப்பது வினாடி அசையாம நிக்கணும்."

"அசையாம நிக்கத் தெரிஞ்சிருந்தா எனக்கும் தபால் ஆபீஸ்லயே வேலை கெடைச்சிருக்குமே!"

படகில் இருந்தவர்கள் சிரிப்போம். ஓட்முன் சிரிக்கமாட்டார். "ஓரத்துல நிக்காதே, ரெண்டடி தள்ளு" என்பார். அந்த லென்ஸில் ஓரத்தில் நிற்கும் எதுவும் பக்கவாட்டில் இழுபட்டு அகலமாகிவிடும். அவருக்கு அது ஆகாது.

நானும் புகைப்படச் சங்கத்தில் இருந்தேன். வருடத்துக்கு ஒருமுறை அவருடைய ஸ்லைடுகளைத் திரையில் போட்டுப் பார்ப்போம். எல்லோரும் கைதட்டுவார்கள். எனக்கு என்னவோ அவை விருந்தினர் வருவதற்காகக் கூட்டித் துடைத்து, கடைசியில் யாரும் வராமல் போன கூடம்போலத் தெரியும். நான் அதை அவரிடம் சொன்னதில்லை.

பாலத்துக்கு அளவெடுக்கத் தொடங்கிய ஆண்டின் பிப்ரவரியில் ஐலிஃப் இறந்துபோனார். மாரடைப்பு. அடுத்த நாள் அவர் மனைவி யூருன் தபால் நிலையத்துக்கே வந்தாள். வெள்ளிக்கிழமை அடக்கம். அதற்குப் பிறகு தேவாலயக் கூடத்தில் காப்பி கொடுக்கும்போது மேஜையில் மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் இறந்தவரின் படம் வைப்பது எங்கள் வழக்கம்.

"வீட்டுல கல்யாணப் படம் ஒண்ணுதான் இருக்கு. அதுல அவரு யாரோ கடன் வாங்கின கோட்டைப் போட்டுக்கிட்டுப் பயந்து நிக்கிறாரு. வேலை செய்யற எடத்துல ஒரு படம் வேணும். நீ தெனமும் அங்கதானே எடுத்தே. ஒண்ணாவது இருக்கும்ல?"

"இருக்கும். கொண்டு வரேன்" என்றார் ஓட்முன்.

அன்று மாலை என்னைக் கூப்பிட்டார். அவர் வீட்டுச் சுவரில் ஸ்லைடுகளை ஒவ்வொன்றாகப் போட்டோம். திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று இரவுகள். கடல், கிடங்கு, வானம். ஒரு மாலை இளஞ்சிவப்பு, ஒரு மாலை ஈயநிறம். படகுகூடச் சில படங்களில் ஒரு வெளிச்சக் கோடாக மட்டும் இருந்தது. தூணில் மாட்டிய கயிறு தெளிவாகத் தெரிந்தது. மாட்டியவர் எங்குமே இல்லை.

"நாலாயிரம் படம்" என்றார் ஓட்முன்.

ஒரு கருவி அவ்வளவு அகலமாகப் பார்ப்பதும், அதன் பின்னால் நிற்பவர் யாரைத் தள்ளி நிற்கச் சொல்கிறார் என்பதும் வேறு வேறு விஷயங்கள் என்று அன்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருந்தது.

புதன்கிழமை கடைசியாக, கெட்டுப்போன ஸ்லைடுகளைப் போட்டுவைத்த அட்டைப் பெட்டியைத் திறந்தார். ஒன்பதாவது ஸ்லைடில் ஐலிஃப் இருந்தார்.

இடது ஓரத்தில், கேமராவுக்கு மிக அருகில். லென்ஸ் அவரைப் பக்கவாட்டில் இழுத்து, முகத்தைப் பூசணிக்காயாக்கி, தோள்களைக் கதவளவு ஆக்கியிருந்தது. ஆனால் சட்டைப் பொத்தான்வரை தெளிவாக இருந்தார். கையில் கயிறு. நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓட்முன் உட்கார்ந்துவிட்டார். "அசையாம நின்னிருக்கான்யா. நான் நடுவுலயே பார்த்துக்கிட்டிருந்தேன், ஓரத்தைக் கவனிக்கவே இல்லை. ஸ்லைடு கழுவி வந்ததும் கெட்டுப்போச்சுன்னு இதுல போட்டுட்டேன்."

"ஐலிஃபுக்குத் தெரியுமா?"

"ரெண்டு தடவை கேட்டான், படம் வந்துச்சான்னு. சரியா வரலைன்னுட்டேன்."

வியாழக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு இரண்டு படம் அச்சிட்டார். ஒன்றில் ஐலிஃபை மட்டும் பெரிதாக்கி, தாளைச் சாய்த்து வைத்து அச்சிட்டு, அகலத்தை ஓரளவு சரிசெய்திருந்தார். நல்ல முகம். இன்னொன்று எதையும் வெட்டாத முழுப் படம். சாயங்காலம் இரண்டையும் எடுத்துக்கொண்டு யூருன் வீட்டுக்குப் போனோம்.

யூருன் முழுப் படத்தை முதலில் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"முப்பத்தெட்டு வருஷம் வெண்ணெயா ஊட்டியும் என்னால குண்டாக்க முடியல இந்த மனுஷனை! உன் லென்ஸு ஒரே நாள்ல ஆக்கிடுச்சே!"

ஓட்முன் அவசரமாகச் சொன்னார்: "அவன் கேட்டப்போ படம் சரியா வரலைன்னு சொல்லிட்டேன். பொய் சொல்லணும்னு இல்ல. எனக்குச் சரியா வரலைன்னுதான் தோணிச்சு."

"தெரியும். வந்து சொன்னாரு. ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுத் திரிஞ்சாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீயும் இனிமே ரெண்டு நாள் அப்படித் திரி. சரியாப் போயிடும்."

ஓட்முன் திருத்திய படத்தை நீட்டினார். அவள் அதைத் தொடக்கூட இல்லை. முழுப் படத்தில் ஐலிஃபுக்குப் பின்னால், ஒரு முனை மட்டும் கட்டிய படகில், அவர் இன்னும் திறந்துவிடாத கதவுக்குள் இறங்கக் காத்திருந்தவர்களை விரலால் காட்டினாள். மங்கலாகத்தான் இருந்தார்கள். "இவரு அசையாம நின்னதால இவங்க எல்லாம் படகுல அடைபட்டுக் கெடக்காங்க பாரு. இந்தக் குல்லா யாரு?"

குல்லா நான்தான். அன்றைக்கு ஐலிஃபை மனதுக்குள் திட்டியது நினைவுக்கு வந்தது. சொன்னேன்.

"அப்போ இதுதான் வேணும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை கூடத்தில் அந்தப் படத்தின் முன்னால் வரிசை நின்றது. மூக்குக் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவரும் படகுக்குள் தங்களைத் தேடினார்கள். "அது நான்." "போடா, அது உங்கண்ணன்." காப்பி ஆறிப்போனது. ஓட்முன் சுவரோரமாகக் கையில் தட்டுடன் நின்றார், எதுவும் சாப்பிடாமல். அவர் எடுத்த படங்களில் நல்ல படம் என்று நான் சொல்லக்கூடியது அது ஒன்றுதான். போய் அவரிடம் சொன்னேன்.

"ஓரம் கெட்டுப்போயிருக்கு" என்றார்.

"ஆமாம்" என்றேன்.