விட்டுவிட வேண்டிய பருவம்

கொட்டகையிலிருந்து அந்தக் கத்தல் வந்தபோது அவள் அடுப்பில் பால் வைத்துக்கொண்டிருந்தாள். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, முடிய மனமில்லாமல் நீளும் கத்தல். பசிக்கு மாடு அப்படிக் கத்தாது. கன்றைத் தேடியும் கத்தாது. அடுப்பை அணைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்து ஓடினாள்.

செவலை நிலைகொள்ளாமல் வாலைத் தூக்கித் தூக்கிப் போட்டது. தீவனத்தைத் தொடவில்லை. பின்புறம் கண்ணாடி இழை போல வழும்பு தொங்கியது. சந்தேகமே இல்லை, பருவத்துக்கு வந்துவிட்டது.

காலையில் கத்தினால் சாயங்காலம் சினை ஊசி. ஆனால் செவலை கன்று போட்டு ஒரு மாதம்தான் ஆகிறது. கர்ப்பப்பை ஆறுவதற்கு இரண்டு மாதமாவது வேண்டும். அதற்குள் வருகிற முதல் பருவத்தைக் கண்டும் காணாததுபோல விட்டுவிட வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாடுகளோடு கிடப்பவளுக்கு, தெருவே 'பாலக்கா' என்று கூப்பிடுகிறவளுக்கு, இது தெரியாதா? தெரிந்தும் அவள் கை போனைத் தேடியது.

"ஊசிக்காரருங்களா? செவலை கத்துது."

இப்போதேயா என்று மறுமுனையில் அவர் கேட்கவில்லை. "சாயங்காலம் வரேன்" என்றார்.

இந்த வாரத்தோடு அவர் ஊரைவிட்டுப் போகிறார். மனைவி இறந்தபின் தனியாகப் பொங்கித் தின்றவரை மகள் தன்னோடு வந்து இருக்கச் சொல்லிவிட்டாள். போன வாரம் வாசலில் வண்டியை நிறுத்தி அவர் அதைச் சொன்னபோது, "நல்லது" என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து அந்த ஒரு சொல் அவளை முள்ளாகக் குத்துகிறது. அவர் போவதற்குள் ஒருமுறையாவது "போகாதீங்க" என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் இந்த ஜென்மத்தில் இனிச் சொல்ல முடியாது.

அவள் புருஷன் கண்ணை மூடிய பிறகு இந்தக் கொட்டகைக்குள் உரிமையோடு வந்துபோன ஒரே ஆண் அவர்தான். அப்போதும் அவர் அவளோடு நேராகப் பேசியதில்லை. எதுவானாலும் மாட்டிடம்தான் சொல்வார். "என்னம்மா செவலை, உங்க வீட்டம்மா இளைச்சுப் போயிட்டாங்களே, நீ கேக்கக் கூடாதா?" அவளும் மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே பதில் சொல்வாள். "சொல்லு செவலை, மத்தவங்க முதல்ல வேளாவேளைக்குச் சாப்பிடட்டும்னு." வருடக்கணக்கில் இரண்டு மனசுகளின் பேச்சையும் அந்த வாயில்லாத ஜீவன் சுமந்தது.

சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. திறந்தவள் நாத்தனார். கட்டியவன் கைவிட்ட பின் தையல் மெஷினோடு இந்த வீட்டுக்கு வந்தவள். இறந்துபோன அண்ணனின் சட்டையை வாராவாரம் துவைத்து, இஸ்திரி போட்டுக் கூடத்து ஆணியில் மாட்டுகிறவள்.

"வாங்கண்ணே. அண்ணி பின்னாடி இருக்காங்க."

கேஸ் சிலிண்டர் போடுகிறவரும் அவளுக்கு அண்ணன்தான், கரண்ட் கணக்கெடுக்க வருகிறவரும் அண்ணன்தான். ஆனால் இவர் வரும்போது மட்டும் அண்ணனும் அண்ணியும் ஒரே மூச்சில் அவள் வாயில் சேர்ந்து வர, கொட்டகையில் நிற்பவளுக்குக் காது சுடும்.

அவர் வந்து செவலையின் நெற்றியைத் தடவினார். வாலைத் தூக்கிப் பார்த்தார். பின்னாலேயே வந்த நாத்தனார் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"சினை ஊசிக் கேன் எங்கண்ணே? ஊசி, கையுறை ஒண்ணும் காணோம். வெறுங்கையோட வந்திருக்கீங்க."

அவர் முகம் கறுத்தது. "முதல்ல பாத்துட்டு, அப்புறம் எடுத்துக்கலாம்னு..."

"போன மாசம் கன்னுக்குட்டியை இழுத்துப் போட்டதே நீங்கதானே. இது விட்டுட வேண்டிய பருவம்னு உங்களுக்குத் தெரியாதா? அது தெரியாம அண்ணி கூப்பிடுறாங்க, கேன் இல்லாம அண்ணன் வராரு. ரெண்டு பேரும் நல்ல ஜோடி..."

சிரித்துக்கொண்டே வந்தவள் அந்தச் சொல்லில் தடுக்கி நின்றாள். அண்ணியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். சிரிப்பு உதட்டிலேயே காய்ந்துபோனது. உள்ளே போனாள். சற்றுநேரத்தில் தையல் மெஷின் ஓடத் தொடங்கியது. துணி வைக்காமல் வெறுமனே ஓட்டுகிற சத்தம்.

முதல்முறையாக அவர் மாட்டைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார்.

"காலையிலேயே தெரியும் எனக்கு. ஊசிக்காகக் கூப்பிடலைன்னு."

அவள் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள்.

"மக டிக்கெட் போட்டுட்டா. ஆனா வேணாம்னு யாராவது சொன்னா, ரத்து பண்ணிடலாம். ஒரு வார்த்தை போதும்."

அந்த வார்த்தை நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அப்போது உள்ளே மெஷின் நின்றது. அந்த நிசப்தத்தில் ஆணியில் தொங்கும் சட்டையும், அதற்குக் கீழே மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருக்கும் அநாதரவான ஜீவனும் அவள் கண்முன் வந்து நின்றன. நான் இவரோடு சேர்ந்துவிட்டால் அவளுக்கு யார்? அண்ணி என்று கூப்பிட அவளுக்கு வேறு எந்த வாசல் இருக்கிறது?

"மாட்டுக்குத் தாது உப்பு எவ்வளவு போடணும்?" என்றாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கியதை அவள் துடைக்கவில்லை.

தாது உப்பை அவள் தினமும் தன் கையாலேயே போடுகிறாள் என்பது அவருக்குத் தெரியும்.

"நீங்க போடுற அளவுதான். கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்." செவலையின் கழுத்தைத் தட்டினார். "அடுத்த பருவத்தை விட்டுடாதீங்க. புது ஆள் நல்ல பையன்."

கூடத்தைக் கடக்கும்போது நாத்தனார் எழுந்து நின்றாள். அழுதிருந்தாள். "அண்ணே" என்றாள். அவர் அவள் தலையில் கைவைத்துவிட்டு நடந்தார்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார். "போயிட்டு" என்றார். அதோடு சேர்ந்து வரவேண்டிய சொல் வரவில்லை. அவள் அதற்காகக் காத்து நின்றாள். வண்டி தெருமுனை திரும்பி, சத்தம் தேய்ந்து, முழுதும் அடங்கியது. அதன்பிறகுதான் கதவைச் சாத்தினாள்.