யார் வீட்டுக்கும் போகாத பயணம்

எங்கள் குடும்பத்தில் பயணம் என்றால் ஒரு சொந்தக்காரர் வீட்டிலிருந்து இன்னொரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதுதான். அருவிக்குப் போனாலும் சரி, கோயிலுக்குப் போனாலும் சரி, கடைசியில் யார் வீட்டிலாவது எங்களுக்குப் பாய் விரித்திருக்கும். உறவுக்காரர் இருக்கும் ஊரைத் தாண்டிப் போகிறவர்கள் அங்கே தலையைக் காட்டாமல் போனால் அது கொலைக்குற்றத்துக்குச் சற்றே குறைந்த குற்றம். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த அப்பாவே அப்படித்தான் நினைத்திருந்தார்.

அப்பேர்ப்பட்ட அப்பா, நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது, சென்னைக்கு ஏதோ பயிற்சிக்குப் போனவர் ஒரு கூடாரத்தோடு வந்து இறங்கினார். முழுப்பரீட்சை லீவில் கடல், மலை, ஆறு என்று மூன்று ராத்திரி வெளியிலேயே தங்கப் போகிறோம் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பாளையங்கோட்டையில் எங்கள் வகுப்பில் ஒருத்தியாவது கூடாரத்தைக் கண்ணால் கண்டிருப்பாளா? அம்மா மட்டும் காய் நறுக்கிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டாள்.

"யாரு வீட்டுக்கும் போக வேண்டாம்லா?"

வேண்டாம் என்றார் அப்பா. அப்படியானால் நானும் வருகிறேன் என்றாள். அம்மா இல்லாமல் நாங்கள் எங்கே போகப் போகிறோம், இது என்ன பேச்சு என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அப்பா செய்த தப்பு ஒன்றுதான். போகிற வழியில் இருக்கும் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் போன் போட்டு, இந்தத் தடவை உங்கள் வீட்டுக்கு வரவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று முறையாகச் சொல்லிவிட்டார். சொல்லாமல் போவது மரியாதை இல்லையாம்! எந்தெந்த இடத்தில் தங்குகிறோம் என்பதையும் கேட்டவர்களுக்கெல்லாம் விவரமாகச் சொன்னார்.

மணப்பாட்டுக் கடற்கரையில் கூடாரத்தை அடித்து, நான் உள்ளே ஒருதரம் உருண்டு பார்த்திருப்பேன். திருச்செந்தூர் அத்தை வந்து நின்றாள். தான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது கூடப்பிறந்தவன் மணலில் கிடந்தால் நாலு பேர் காறித் துப்ப மாட்டார்களா என்று கேட்டாள். கூடாரம் மறுபடியும் காருக்குள் போனது. அத்தை வீட்டில் எங்களைப் பார்க்க அவள் மருமகள் வீட்டார் வேறு வந்திருந்தார்கள். அம்மா கையால் சொதி சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று அத்தை ஆரம்பித்தாள். தேங்காய்ப் பாலில் வைக்கிற அந்தக் குழம்பு எங்கள் பக்கத்துக் கல்யாண விருந்துக் குழம்பு. அம்மாவின் சொதிக்குச் சொந்தத்தில் பெரிய பேர். அந்தப் பேர் இருக்கிறதே, அதுதான் அவளைப் பிடித்த சனியன். அன்று எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும்வரை அம்மா தேங்காய்த் துருவலைப் பிழிந்துகொண்டே இருந்தாள்.

மறுநாள் பாபநாசம் மலையடிவாரம். அங்கே கூடாரத்தைப் பிரிக்கவே விடவில்லை. விக்கிரமசிங்கபுரத்தில் மில் வேலை பார்த்த சித்தப்பா சைக்கிளில் வந்து எங்கள் காருக்கு முன்னால் வழிகாட்டிக்கொண்டே போனார். அங்கேயும் சொதிதான். நான் ஆத்திரத்தில் சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்து, பிறகு இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

மிஞ்சியது ஆறு மட்டும். அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் தாமிரபரணிக் கரை, அப்பாவின் சிநேகிதருடைய வாழைத்தோப்பு. கூடாரம் அடித்து, மூவரும் ஆற்றில் கழுத்துவரை அமிழ்ந்து கிடந்தோம். அம்மா முங்கி எழுந்து என் மேல் தண்ணீரை வாரி அடித்தாள். வெயில் தாழ்ந்ததும் அப்பா கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டி உப்புமா கிண்டினார். அது அடிப்பிடித்த வாடை அக்கரைக்கே போயிருக்கும்.

அந்த நேரம் பார்த்துக் கல்லிடைக்குறிச்சிப் பெரியப்பா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அப்பாவுக்கு மூத்தவர். அவர் முன்னால் அப்பா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"ஏலே, கிளம்பு. ஒங்க மதினி தேங்கா ஒடச்சு வச்சுட்டா" என்றார்.

அம்மா ஈரத் தலையை முடிந்துகொண்டு செருப்பைத் தேடினாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பா கரண்டியைக் கீழே வைக்காமலே பேசினார்.

"நாங்க வரல, அண்ணாச்சி. அவ இன்னைக்கு எங்கேயும் வரமாட்டா. நீங்க உக்காருங்க, நான் கிண்டுன உப்புமா இருக்கு."

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார், கருகிய சட்டியைப் பார்த்தார். பிறகு மெல்லத் துண்டை விரித்து உட்கார்ந்தார். உப்புமாவை முழுக்கச் சாப்பிட்டுவிட்டு, இதைச் சாப்பிட்டு எந்திரிச்சவன் எமனையே பாத்துட்டு வந்துருவாம்லே என்று சொல்லி ஸ்கூட்டரைக் கிளப்பினார். ஸ்கூட்டர் தோப்பைத் தாண்டியதும் நான் ஆடிய ஆட்டத்துக்கு அளவே இல்லை. ஜெயித்துவிட்டோம்! எனக்காக, என் கூடாரத்துக்காக, அப்பா பெரியப்பாவையே எதிர்த்து நின்றுவிட்டார். பள்ளிக்கூடம் திறந்ததும் இதைச் சொல்லாமல் விடுவேனா?

காலையில் நான் எழுந்தபோது வெயில் வாழை இலைக்கு மேலே வந்திருந்தது. அப்பா காப்பி போட்டு ஆற்றிக்கொண்டிருந்தார். அம்மா கூடாரத்துக்குள் கையைக் காலை நீட்டிப்போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தூங்கி நான் அதுவரை பார்த்ததே இல்லை. எழுப்பப் போன என் கையை அப்பா பிடித்து நிறுத்தினார். அம்மாவுக்குக் காய்ச்சலா என்று கேட்டேன்.

"இல்ல. சும்மா தூங்குறா" என்றார்.

உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் அம்மா எதற்கு இந்நேரம்வரை தூங்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அப்பா ஏன் அந்தக் காப்பியைத் திரும்பத் திரும்பச் சுடவைத்துக்கொண்டே இருந்தார் என்பதும்தான்.