பஞ்சு ஒட்டிக்கொண்ட இடம்

போன வாரம் செம்மண்டலத்தில் ஒரு பட்டறைக்கு என் மகனோடு நானும் போனேன். அவனுடையது டர்போ வண்டியாம். நின்ற இடத்தில் என்ஜின் விக்குகிறது, மேட்டில் ஏற மாட்டேன் என்கிறது. மெக்கானிக் ஒரு குழாயைச் சொருகி உள்ளே வெள்ளைப் புகையை அனுப்பினார். எந்தச் சந்தில் புகை வெளியே வருகிறதோ அங்கேதான் ஓட்டையாம். "வேக்கம் லீக்மா. உங்களுக்குச் சொன்னா புரியாது" என்றார்.

எனக்கா புரியாது? வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் சூடான என்ஜினும் பெட்ரோலும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும், அறுபது வருஷத்துக் கோபம் எழுந்து உட்கார்ந்துகொண்டது. உங்களிடமாவது கொட்டித் தீர்க்கிறேன், கேளுங்கள்.

அப்போது மஞ்சக்குப்பத்தில் தகரக் கூரை போட்ட கார் ஷெட் ஒன்று இருந்தது. அதன் மூலையில் எனக்கு வேலை. கார் சீட்டைப் பிரித்து, பழைய தேங்காய் நாரை உதறி, இலவம் பஞ்சு அடைத்து, மேலே ரெக்சின் தைக்க வேண்டும். இரண்டாம் வகுப்போடு என் படிப்பு சரி, இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் நான் தைத்த சீட்டில் உட்கார்ந்து ராமேஸ்வரம் வரை போனவர்கள்கூட இடுப்பு வலி என்று சொன்னதில்லை. தலை, புருவம், மூக்கு எல்லாம் பஞ்சாகத்தான் வீட்டுக்குப் போவேன். சோற்றில்கூடப் பஞ்சு கிடக்கும். அவர் அதை எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுவார்.

அவர் என்றால் என் வீட்டுக்காரர். சிதம்பரத்தில் அரிசி மில் வைத்திருந்த ஒருவருக்குக் கார் டிரைவர். கறுப்பு நிறச் சீமைக் கார் அது. அதை அவர் துடைக்கிற துடைப்பைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கும். முதலாளி மகளுக்குக் கல்யாணம் வந்தது. கல்யாண அலைச்சலுக்கு முன்னால் எங்கள் ஷெட் மேஸ்திரி அந்தக் காரில் காற்றையும் பெட்ரோலையும் கலக்கிற கார்பரேட்டரைக் கழற்றித் துடைத்து மாட்டினார். அன்றைக்குப் பிடித்தது சனியன். ஆலப்பாக்கம் ரயில்வே கேட்டில் நிறுத்தினால் என்ஜின் அணைந்துவிடும். அணையாமலிருக்க என் வீட்டுக்காரர் சோக்கை இழுத்து வைத்தே ஓட்டினார். சோக்கை இழுத்தால் வண்டி பெட்ரோலைக் குடிக்காமல் என்ன செய்யும்?

மேஸ்திரி இன்னும் இரண்டு தடவை கழற்றி, ஊதி, மாட்டினார். பிளக்கை மாற்றினார். ஒன்றும் சரியாகவில்லை. தெரியவில்லை என்று சொல்லக் கூடாதா? சொல்லவில்லை அந்த மனுஷன். "வண்டில ஒண்ணுமில்ல முதலாளி. பெட்ரோல் எங்க போவுதுன்னு டிரைவரத்தான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டார்.

முதலாளி சிதம்பரத்தில் தன் வீட்டு வாசலில், புது சம்பந்தி வீட்டார் பார்க்க, இவரைத் திருடன் என்றார். வெள்ளிக்கிழமை ஷெட்டில் வந்து சாவியைக் கொடுத்துவிட்டுப் போ என்றார். வண்டியில் யாரோ மறந்த குடையைக் கொடுப்பதற்காகப் பரங்கிப்பேட்டை வரை பஸ் ஏறிப் போன மனுஷனை! இரண்டு நாள் இவர் சாப்பிடவே இல்லை.

வெள்ளிக்கிழமை முதலாளி வந்தார். புது டிரைவருக்கு ஓட்டிக் காட்டுவதற்காக பானட்டைத் திறந்து வைத்து, மேஸ்திரி என்ஜினை ஓடவிட்டிருந்தார். இவர் மீதிச் சாவிகளின் வளையத்தைப் பிடித்தபடி ஓரமாக நின்றார். எனக்குக் கையில் வேலை ஓடவில்லை. பஞ்சு மூட்டையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன். என்ஜின் ஃபேன் காற்றில் என் முந்தானைப் பஞ்செல்லாம் பறந்தது. பறந்ததில் ஒரு துணுக்கு மட்டும் கார்பரேட்டருக்கு அடியில், அது என்ஜினோடு சேருகிற சந்தில் போய் ஒட்டிக்கொண்டது. அத்தனை காற்றிலும் அசையவில்லை. கிள்ளி எடுத்து விட்டேன். இன்னொரு துணுக்கு அதே இடத்தில் ஒட்டியது.

"மேஸ்திரி, இங்க காத்த உள்ள இழுக்குது பாருங்க" என்றேன்.

"ஏம்மா, தலவாணிக்குப் பஞ்சு அடைக்கிறவ கார்பரேட்டருக்கு வைத்தியம் சொல்றியா? தூரப் போ, பஞ்சு பத்திக்கப் போவுது."

போகவில்லை. ரெக்சின் ஒட்ட வைத்திருந்த மைதாப் பசையை ஒரு கை அள்ளி வந்து அந்தச் சந்தைச் சுற்றி அப்பினேன். விரல் சுட்டது. விக்கிக்கொண்டிருந்த என்ஜின் அடங்கி, ஒரே சீராக ஓடியது. இவர்தான் சட்டென்று என்ஜினை நிறுத்தி, ஸ்பானரை எடுத்து, கார்பரேட்டரைக் கழற்றினார். காற்றுப் புகாமல் சந்தை அடைக்க அடியில் போடுகிற பேக்கிங் பெட்ரோலில் ஊறி, ஒரு பக்கம் கிழிந்து கிடந்தது. கடையில் வாங்கின பேக்கிங் இல்லை. அட்டையில் வெட்டினது, ஓரத்தில் மஞ்சள் தடவியிருந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். முதலாளி மகளின் பெயரில் பாதி இருந்தது.

மேஸ்திரிக்குக் கொடுத்த கல்யாணப் பத்திரிகையையே வெட்டிப் போட்டிருக்கிறார்! கெட்டி அட்டை, கைக்குப் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான் காரணம்.

முதலாளிக்கு முகம் சிவந்தது. "எம் பொண்ணு பத்திரிகையவாடா கத்தரிச்ச?" என்று பாய்ந்தார். மேஸ்திரி தடாலென்று காலில் விழுந்தார். மகள் நன்றாக இருக்க வேண்டும் என்று முதலாளியே அந்தத் துண்டைக் கண்ணில் ஒற்றிப் பையில் வைத்துக்கொண்டார். காலில் விழுந்தவரை மன்னித்தும் விட்டார். பத்திரிகைக்கு இருந்த மரியாதையைப் பார்த்தீர்களா? இத்தனை நாளாகத் திருடன் என்ற பேரைச் சுமந்துகொண்டு ஒரு மனுஷன் அங்கேயே நிற்கிறார். அவரைப் பார்த்து, "நாளைக்குக் காலைல வண்டிய எடுத்தாந்துடு" என்றார். அவ்வளவுதான். என்னைப் பார்த்து, தைக்கக் கொடுத்திருந்த தன் வண்டிச் சீட்டு என்றைக்கு முடியும் என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். "முதலாளி, இவர நீங்க..."

"வுடு புள்ள. வேல இருக்குதுல்ல" என்று இவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். அப்போது இவர் மேல் எனக்கு வந்த கோபம் முதலாளி மேல் வந்ததைவிட ஜாஸ்தி. அப்புறமும் பதினோரு வருஷம் அதே வீட்டுக்கு ஓட்டினார். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று முதலாளி வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. இவரும் கேட்கவில்லை, என்னையும் கேட்க விடவில்லை.

ஷெட் இருந்த இடத்தில் இன்று செல்போன் விற்கிறார்கள். மேஸ்திரி போய்ச் சேர்ந்தார், இவரும் போய்விட்டார். மார்கழி தரிசனத்துக்குச் சிதம்பரம் போனபோது, முதலாளி வீட்டுத் தெருவில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தேன். வீடு இல்லை. இடித்துவிட்டு லாட்ஜ் கட்டியிருக்கிறார்கள். அந்தக் குடும்பம் எங்கே போனதென்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. இவரைத் திருடன் என்று சொன்னவரும் இல்லை, சொன்ன வாசலும் இல்லை. இனி யார் வந்து அந்த வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொள்வது?