படகுக்கு விட்டுக்கொடுத்த முறை

புதுச்சேரியைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்குக் கடல் போதவில்லை. அலை அடிக்கிறதாம், உப்புக் கரிக்கிறதாம். கடல் என்றால் பின்னே என்ன செய்யும்? அதனால் பாகூர் பக்கம் எங்கள் ஏரிக்கு வந்து படகுப் போட்டி நடத்தினார்கள். எழுபதுகளில் ஒரு பங்குனி அது.

பங்குனியில் ஏரி இடுப்பளவுக்கு இறங்கிவிடும். இருக்கிற தண்ணீரை முறை வைத்துத்தான் பாய்ச்சுவோம். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை மதகு ஒருவருக்கு, அப்புறம் அடுத்தவருக்கு. தவறவிட்டால் மறுபடி எட்டு நாள் காத்திருக்க வேண்டும். போட்டி வைத்த ஞாயிறு என்னுடைய முறை. என் நெல் கதிரில் பால் கட்டும் நேரம் வேறு, அப்போது தண்ணீர் இல்லாவிட்டால் மணி பிடிக்காது.

மதகு திறந்திருந்தால் தண்ணீர் படகை அந்தப் பக்கம் இழுக்கும், அன்றைக்கு மூடி வைக்க வேண்டும் என்று கேட்டு டவுனிலிருந்து இரண்டு பேர் காரில் வந்தார்கள். தெருவே வாசலில் நின்று பார்த்தது. "நீங்கதான் கொடி ஆட்டி ஆரம்பிச்சு வைக்கணும், முசே" என்றார்கள். டவுன் பெரிய மனிதர்களை அழைக்கும் பிரெஞ்சு மரியாதை அது. சேற்றுக்காலோடு நின்ற என்னை அதுவரை ஒருவரும் அப்படி அழைத்ததில்லை. சரி என்றுவிட்டேன்.

"பயிரு பால் கட்டுற நேரத்துல இன்னாத்துக்குயா முறைய வுட்டுக் குடுத்த?" என்றாள் என் மனைவி.

"ஒரு நாள் தானே, உனக்கு இன்னா தெரியும்?" என்று அவள் வாயை அடைத்தேன்.

எட்டு மணிப் போட்டிக்குப் பத்தரைக்கு வந்து இறங்கினார்கள். இடுப்பளவு தண்ணீரில் மிதக்க மார்பில் ரப்பர் சட்டை. துடுப்பை எந்தப் பக்கம் போடுவது என்று இரண்டு பேர் சண்டை போட்டதில் படகு கவிழ்ந்தது. ஓர் ஆசாமி "காப்பாத்துங்க" என்று அலறினார். எழுந்து நின்றால் போதும் என்று கரையிலிருந்து கத்தினேன். அவருக்கு அது தோன்றவே இல்லை. கொஞ்ச தூரத்தில் எருமைகள் நிம்மதியாகக் கிடந்தன. அவற்றுக்கு அறிவு அதிகம்.

நாலு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. அப்போதாவது மதகைத் திறந்திருக்கலாம். கொடியோடு போட்டோ எடுக்கப்போவதாகச் சொன்னார்கள். எண்ணெய் தடவித் தலை வாரிக்கொண்டு காத்திருந்தேன். அவர்கள் சாப்பிட்டு, படுத்து எழுந்து, போட்டோவை மறந்து காரில் ஏறினார்கள். அப்போது மணி ஆறு. அடுத்த முறைக்காரர் மண்வெட்டியோடு வந்து நின்றார்.

"ரெண்டு மணி நேரம் குடுண்ணே" என்று கெஞ்சினேன்.

"முறைன்னா முறைதான்பா. என் பயிரும் தான் காயுது. கொடி ஆட்டச் சொல்லி நானா சொன்னேன்?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

எட்டு நாள் கழித்துத் தண்ணீர் வந்தபோது கதிர் வெளுத்துப்போயிருந்தது. தூற்றினால் பாதிக்குமேல் பதராகப் பறந்தது. விதைக்குக்கூட மிஞ்சவில்லை. அவர்களைத் திட்டுவது எனக்கு எளிது, இன்றைக்கும் திட்டுகிறேன். அவர்களாவது விளையாட வந்தவர்கள். நான் விவசாயி.

விதை நெல் கேட்டு அவளுடைய அண்ணன் வீட்டுக்கு இருவரும் போனோம். "இன்னாமா ஆச்சு உங்க பயிருக்கு?" என்று மச்சான் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"ஏரியில தண்ணி இல்லண்ணே" என்றாள்.