காது மருந்துக்கு நடந்த பேரம்

மருந்துக்கடைக்காரனுக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். எனக்கு அது கிடையாது. பத்து வருஷம் அடுத்தவர் கடையில் அட்டைப்பெட்டி பிரித்துவிட்டு, குமாரபாளையத்தில் தறிக்கூடங்களுக்கு நடுவே சொந்தக் கடை போட்டவன் நான். கல்லாவுக்குப் பின்னால் நின்று கத்திக் கத்தித் தொண்டை வறண்டவர்களுக்கு இது புரியும்.

எழுதாத டாக்டர்

விசைத்தறி ஓட்டும் மணி, மூன்று வயது மகளுக்குக் காதுவலி என்று சீட்டோடு வந்தார். வலிக்கு மட்டும் சிரப் எழுதி, இரண்டு நாளில் குறையாவிட்டால் திரும்ப வரச் சொல்லியிருந்தார் டாக்டர். சரியாகத்தான் சொல்லியிருந்தார், பல குழந்தைகளுக்குத் தானாகவே ஆறிவிடும். மணிக்கு அது போதவில்லை. ஆன்டிபயாடிக் கேட்டார். மாட்டேன் என்றேன். விலையை ஏற்றிக் கேட்டார். எந்தப் பேரத்துக்கும் இறங்குகிற நான் அதற்கு இறங்கவில்லை. எதிரில் இருக்கும் இன்னொரு மருந்துக்கடைக்குப் போகிற வழியில் நடுரோட்டில் நின்று கத்தினார்: “ஃபீஸ் வாங்கிட்டு மருந்து எழுதாத டாக்டரு, கடை வெச்சுக்கிட்டு மருந்து குடுக்காத நீங்க, நல்ல ஜோடிங்க சாமி!”

பாதி பாட்டில்

பத்து நாள் கழித்து அவர் மனைவி செல்வி வந்தார். குழந்தையின் காதில் சீழ், கூப்பிட்டால் திரும்புவதில்லையாம். டாக்டர் இம்முறை ஆன்டிபயாடிக் எழுதி, ஏழு நாளும் விடாமல் கொடுக்கச் சொல்லியிருந்தார். அன்று எதிர்க்கடையில் வாங்கிய ஆன்டிபயாடிக் பாட்டில் என்னாயிற்று என்று கேட்டேன். இரண்டே நாளில் வலி நின்றதும் மீதியைப் பக்கத்துத் தறிக்காரர் குழந்தைக்குக் கொடுத்துவிட்டார்களாம். எனக்கு உச்சந்தலை சூடேறியது. செல்வி அசரவில்லை: “ஒரே கூடத்துல தறி ஓட்டறோம்ங்க, அவங்க கொழந்தை காதுவலியில கதறறப்ப நான் பாட்டிலை மூடி ஊட்டுல வெச்சுக்கட்டுங்களா?”

எதிர்க்கடை

அவர் போனதும் ரோட்டைத் தாண்டினேன். “சீட்டில்லாம எப்படிய்யா குடுத்தே? அந்தக் கொழந்தைக்குக் காது கேக்கலை!” எதிர்க்கடைக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை: “ஏனுங்க, உங்ககிட்டத் திட்டு வாங்கிட்டுத்தான் இங்க வாராங்க, நானும் திட்டினா எங்கதானுங்க போவாங்க?”

ஏழாம் நாள்

மணியிடம் நானே ஒரு பேரம் போட்டேன்: தினமும் ஷிப்டு முடிந்ததும் பாட்டிலைக் கொண்டுவந்து காட்ட வேண்டும், மருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று நான் பார்ப்பேன். முறைத்துக்கொண்டே வந்தார், ஆனால் ஒரு நாளும் தப்பவில்லை. ஏழாம் நாள் மகளையும் தூக்கி வந்தார். காது திரும்பக் கேட்கிறது, இப்போது தறிச் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொள்கிறாள் என்று இரண்டு முறை சொன்னார். என் கோபமும் இறங்கிப்போனது. உடனே காலி பாட்டிலை நீட்டினார்: “இதும் பேரை ஒரு துண்டுல எழுதிக் குடுங்க சாமி, கூடத்துல அத்தனை பேரும் கேக்கறாங்க.”

இந்தத் தொழிலில் மருந்து கொடுத்து வாங்கிய நல்ல பெயரை, கொடுக்காமல் வாங்கிய கெட்ட பெயர் எப்போதோ தாண்டிவிட்டது.