மிக்சி போட்டு வாத்து ஓட்டிய கதை

எனக்குக் காது கேட்காது. மூன்று வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு போய்விட்டது. அதற்கு முன்னால் என்னவெல்லாம் கேட்டேன் என்று நினைவில் இல்லாததால் பெரிய வருத்தமும் இல்லை. காரைக்காலில் ஓர் அலுவலகத்தில் விண்ணப்பங்களைக் கணினியில் ஏற்றும் வேலை. தருமபுரத்தில் அண்ணன், அண்ணியோடு இருக்கிறேன்.

அண்ணன் சின்ன வயதிலிருந்தே என்னோடு கையால் பேசிப் பழகியவன். அண்ணி போலகத்துக்காரி, என் வயதுதான். கல்யாணமாகி வந்த பிறகே சைகை கற்றுக்கொண்டாள். நாலு வயல் தள்ளி நிற்கிறவர்களைக் கூப்பிட்டுப் பேசி வளர்ந்தவள் என்பதால் அவளுடைய சைகையும் அந்த அளவுக்குத்தான் இருக்கும். "உப்பை எடு" என்று அவள் கையால் சொன்னால் பக்கத்தில் நிற்பவர் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தேன். கூடத்தில் அண்ணனும் அண்ணியும் தரையில் உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள். அண்ணனுக்குக் கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. அண்ணியின் வாய் திறந்திருந்த அளவில், போன வருடம் அவள் அடைத்துக்கொண்ட கடைவாய்ப் பல்லை வாசலிலிருந்தே பார்த்தேன். சண்டை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. முன்னால் ஒரு சொம்பில் சாய்த்து வைத்திருந்த அண்ணியின் போனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"யாரோட சண்டை?" என்று கையால் கேட்டேன்.

"சண்டை இல்ல. வாத்து ஓட்டுறோம்" என்றான் அண்ணன்.

அது ஒரு விளையாட்டு. திரையில் ஒரு வாத்து. அதன் முன்னால் தண்ணீரில் வரிசையாகக் கட்டைகள். போனுக்கு முன்னால் மெதுவாகச் சத்தம் கொடுத்தால் வாத்து நடக்கும். பலமாகக் கத்தினால் அடுத்த கட்டைக்குத் தாவும். சும்மா இருந்தால் அதுவும் சும்மா நிற்கும். எத்தனை கட்டை தாண்டுகிறதோ அத்தனை புள்ளி. அண்ணி முப்பத்தொன்று, அண்ணன் இருபத்திரண்டு.

"நானும் ஆடுறேன்" என்றேன்.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன்தான் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"இது சத்தத்துல ஓடுற கேமு."

"எனக்குக் காதுதான் இல்ல. வாய் இருக்குல்ல?"

வாய் இருந்ததே தவிர, அதைப் பள்ளிக்கூடத்தோடு விட்டிருந்தேன். எங்கள் டீச்சர் உதட்டுக்கு முன்னால் ஒரு தாள் துண்டைப் பிடித்துக்கொண்டு "ப" சொல்லவைப்பார். தாள் ஆடினால் "ப", ஆடாவிட்டால் "ம". உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். பாப்பா வந்தாளா மாமா வந்தாரா என்று இன்றைக்கும் எனக்கு ஆள் வாசலுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

போனை முகத்துக்கு நேரே வைத்து, மூச்சை இழுத்து, ஒரு சத்தம் கொடுத்தேன். வாத்து திரைக்கு மேலே போயே போய்விட்டது. திரும்பி வந்து தண்ணீரில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் அண்ணன் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறான். எதிர் வீட்டு அக்கா கையில் கரண்டியோடு எங்கள் கூடத்தில் நிற்கிறார்.

"என்னாச்சு? யாருக்கு என்ன?"

"ஒன்னுமில்லக்கா. வாத்து ஓட்டுறோம்" என்றாள் அண்ணி.

அக்கா குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். வாத்து இல்லை என்று உறுதியான பிறகும் அரை மனதோடுதான் போனார்.

அன்று முழுக்க முயற்சி செய்தேன். என் வாத்துக்கு இரண்டே நிலைமைதான், ஒன்று அசையாமல் நின்றது, அல்லது செத்தது. காது கேட்கிறவர்கள் தங்கள் குரலைக் கேட்டுக் கேட்டுக் கூட்டிக் குறைக்கிறார்கள். எனக்கு அந்த வசதி கிடையாது. அண்ணி உதவிக்கு வந்தாள். என் சத்தம் எவ்வளவு என்று கையை உயர்த்தித் தாழ்த்திக் காட்டினாள். அவள் கை தோளுக்கு ஏறுவதற்குள் வாத்து மூழ்கியிருக்கும். நான் அவள் கையைப் பார்ப்பதா, வாத்தைப் பார்ப்பதா? மடியில் காலி அரிசி டின்னை வைத்துக்கொண்டு கத்திப் பார்த்தேன், டின்னின் அதிர்வு வயிற்றில் நன்றாகவே தெரிந்தது. ஆனால் மெல்லியதும் பலமானதும் ஒரே மாதிரி கிச்சுக்கிச்சு மூட்டியது. சிரிப்பு வந்தது. சிரித்ததும் வாத்து செத்தது. மூன்று கட்டையோடு போனைக் கொடுத்துவிட்டு, கோபத்தில் துணி மடிக்கப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் அண்ணி தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பு மேடையில் அவள் போன் கிடந்தது, விளையாட்டை மூட மறந்திருக்கிறாள். நான் தண்ணீர் குடிக்கப் போனவள், சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். வாத்து தானாக நடந்துகொண்டிருந்தது.

அண்ணியின் கையைத் தட்டிவிட்டு மிக்சியைப் பிடுங்கினேன். ஒன்றில் வைத்தால் வாத்து நடந்தது. மூன்றுக்குத் திருகினால் தாவியது. இடப்பக்கம் திருகிக் கையை எடுத்தால் மிக்சி உடனே நின்றுவிடும், வாத்தும் கட்டை விளிம்பில் நின்றுவிடும். மூடியின் மேல் இடது கையை வைத்துக்கொண்டால் எந்த வேகத்தில் ஓடுகிறது என்று உள்ளங்கைக்கே தெரிந்தது. பார்க்கவும் வேண்டாம், கேட்கவும் வேண்டாம். பத்து நிமிடத்தில் பதினெட்டுக் கட்டை தாண்டினேன்.

அந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டில் தேங்காய்ச் சட்னி. ஜாடியைக் காலியாக ஓடவிடக் கூடாது என்று அண்ணி சட்டம் போட்டதால், உள்ளே எப்போதும் ஏதாவது இருக்க வேண்டியிருந்தது. இரவல் கறிவேப்பிலைகூட அரைபட்டது. வெள்ளிக்கிழமை நான் நாற்பதைத் தொட்டபோது அண்ணன் தட்டைத் தூக்கிக் காட்டினான்.

"இது சட்னியா, சுவத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பா?"

"நாப்பது" என்று பெருமையாகச் சொன்னேன்.

பொங்கல் வந்தது. எங்கள் தெருவில் காணும் பொங்கலன்று வருடா வருடம் போட்டிகள் உண்டு. நடத்துகிறவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். தெருவில் எல்லாருக்கும் அவர் சொல்தா, பிரெஞ்சில் சிப்பாய் என்று அர்த்தம். பத்து வருடமாகத் தெரிந்தவர்தான், ஆனால் அவர் பேசியதில் ஒரு சொல்லைக்கூட நான் புரிந்துகொண்டதில்லை. உதட்டை மறைத்து அவ்வளவு பெரிய மீசை. அவர் பேசும்போது தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். ஒருமுறை அப்படித் தலையாட்டித்தான் கோலப் போட்டிக்கு நடுவரானேன்.

இந்த வருடம் கோலம், எலுமிச்சைக் கரண்டியோடு வாத்தையும் சேர்த்திருந்தார். அண்ணிதான் போய்ச் சொல்லியிருக்கிறாள். பந்தலுக்குள் பெரிய டிவியைப் போட்டு, போனை அதோடு இணைத்து, மின்கம்பத்தில் அறிவிப்பும் ஒட்டியிருந்தார்கள்.

முதலில் எதிர் வீட்டு அக்கா வந்தார். அவர் வாயைத் திறக்கும் முன்பே வாத்து குதித்துச் செத்தது. கூட்டத்தின் சத்தம். மறுபடி விட்டார்கள், மறுபடியும் செத்தது. சொல்தா எழுந்து நின்று ஏதோ சொன்னார். வழக்கம்போல எனக்கு மீசை மட்டும் ஆடியது. ஆனால் எல்லாரும் வாயை மூடிக்கொண்டதைப் பார்த்ததும் உத்தரவு என்னவென்று தெரிந்தது. ஆடுகிறவரைத் தவிர யாரும் மூச்சுவிடக் கூடாது.

அடுத்த ஒரு மணி நேரம் என் வாழ்க்கையில் நான் மிகவும் ரசித்த ஒரு மணி நேரம். தெரு முழுக்கக் கையால் பேசியது. எவ்வளவு மோசமாகப் பேசினார்கள் என்று சொல்லி மாளாது. ஒருவர் உட்கார நாற்காலி வேண்டும் என்று காட்டினார், அவருக்குக் கழிப்பறைக்கு வழி காட்டினார்கள். எதிர் வீட்டு அக்கா டீ வேண்டுமா என்று ஒருவரிடம் கேட்டார், அக்கா தன்னைக் குடிகாரன் என்கிறார் என்று நினைத்து அவர் முறைத்தார். நான் நடுவே புகுந்து சமாதானம் செய்யவேண்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் யாருக்கு என்ன வேண்டுமானாலும் என்னிடம் வந்தார்கள். சொல்தா மட்டும் அற்புதமாகப் பேசினார். நில், வா, நீ, அடுத்தது, முடிந்தது. பட்டாளத்துக் கைகள். பத்து வருடத்தில் முதல் தடவையாக அவர் சொன்னது அத்தனையும் எனக்குப் புரிந்தது. அவரிடம் எத்தனை பேரப்பிள்ளைகள் என்று கேட்டேன். ஐந்து என்றார்.

அங்கன்வாடி டீச்சர் ஐம்பத்தாறு கட்டை தாண்டினார். நாள் முழுக்கக் குழந்தைகளை அதட்டுவதும் தாலாட்டுவதுமாக இருக்கிற குரல், வாத்து அவர் சொன்னபடி கேட்டது. அவருக்கு அடுத்து நான். அண்ணி மிக்சியையும் நீள ஒயரையும் அரை மூடி தேங்காயையும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

தகராறு வந்தது. சத்தமில்லாத தகராறு. அங்கன்வாடி டீச்சரின் கணவர் தன் வாயைத் தொட்டுக் காட்டி, மிக்சியைக் காட்டி, விரலை ஆட்டினார். அண்ணி தன் பாணியில் பதில் சொன்னாள், முன்வரிசையில் மூன்று பேர் குனிந்தார்கள். பிறகு அவரைக் கையைப் பிடித்து மின்கம்பத்துக்கு இழுத்துப் போய் அறிவிப்பைக் காட்டினாள். "சத்தத்தால் வாத்தை ஓட்டும் போட்டி." சத்தம் என்ற சொல்லின் அடியில் விரலால் நாலு முறை கோடிழுத்தாள். வாயால் என்று எங்கேயும் இல்லை. சொல்தா கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். எனக்கு ஒரு சல்யூட் அடித்தார்.

நன்றாகத்தான் ஓட்டினேன். ஐம்பத்து நாலாவது கட்டையில் நிற்கும்போது உள்ளங்கைக்குக் கீழே மிக்சி செத்துப்போனது. சூடேறினால் தானாக அணைந்துவிடும், அடியில் இருக்கிற சிவப்புப் பொத்தானை அமுக்கினால்தான் மறுபடி ஓடும். வாத்து விளிம்பில் பொறுமையாக நின்றது. அண்ணி பாய்ந்து வந்து, ஜாடியைக் கழற்றாமலே மிக்சியைத் தலைகீழாகக் கவிழ்த்தாள்.

பாதிச் சட்னி அவள் பொங்கலுக்கு எடுத்த பட்டுப்புடவையில்.

அதற்குமேல் தெருவால் தாங்க முடியவில்லை. வாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்தன. திரையைப் பார்த்தால் வாத்து தாவியது. நடந்தது. இன்னொரு தாவல். இன்னொன்று. சிரிப்பு அடங்கி அடங்கி மறுபடி கிளம்புவது வாத்தில் அப்படியே தெரிந்தது. ஐம்பத்தேழில் போய்த் தண்ணீரில் விழுந்தது.

அந்த மூன்று யாருடைய கணக்கு? இப்போது எல்லாரும் வாயாலேயே கத்தினார்கள். அண்ணி சொன்னதை அண்ணன் எனக்குக் கையால் சொல்லிக்கொண்டே வந்தான்.

"சிரிக்க வச்சது யாருங்க? எங்க சட்னி. அப்ப அது எங்க சத்தம்தானே?"

சொல்தா யோசித்தார். கடைசியில் என் பக்கம் திரும்பி, தெளிவாகக் கையால் சொன்னார். சிரிப்பு தெருவுக்குச் சொந்தம். டீச்சருக்கு ஹாட்பாக்ஸ். எனக்கு இரண்டாம் பரிசு, பிளாஸ்டிக் பக்கெட்டு. புடவையில் போனது போக மிச்சச் சட்னி இட்லியோடு பந்தியில் போனது. அண்ணி சொல்தாவோடு ஒரு வாரம் பேசவில்லை.

பக்கெட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறுத்தியது. மிக்சி இல்லாமல் ஆட எனக்கு வழியே இல்லையா? விளையாட்டுக் கம்பெனிக்கு மின்னஞ்சல் எழுதினேன். எனக்குக் காது கேட்காது, என் சத்தம் எவ்வளவு என்று திரையில் ஒரு கோட்டில் காட்டினால் போதும், நானே கூட்டிக் குறைத்துக்கொள்வேன் என்று விளக்கியிருந்தேன். இரண்டே நாளில் பதில் வந்தது. காது கேளாதவர்களுக்கென்றே அவர்களிடம் தனி உதவிப் பிரிவு இருக்கிறதாம். கீழ்க்கண்ட எண்ணில் தொலைபேசியில் அழைத்துப் பேசவும் என்றிருந்தது.

அண்ணன் எனக்காகக் கூப்பிட்டான். இருபது நிமிடம் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்தான்.

"என்ன சொல்றாங்க?"

"பாட்டு போட்டிருக்காங்க."

"நல்லா இருக்கா?"

"முதல் தடவ நல்லா இருந்துச்சு."

கடைசியில் ஒரு பெண் எடுத்தாராம். அண்ணன் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும், பயனரே பேச வேண்டும், அவரிடம் கொடுங்கள் என்றாராம். அண்ணன் கொடுத்தான். நான் வாங்கி, என் குரலில் ஒரு சத்தம் கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்தப் பெண் மிகவும் மரியாதையாகப் பேசினார் என்று அண்ணன் சொன்னான்.

அந்தச் சத்தத்தாலா, வேறு யாராவது கேட்டிருந்தார்களா தெரியாது, இரண்டு மாதம் கழித்து விளையாட்டு புதுப்பிக்கப்பட்டது. திரை ஓரத்தில் ஒரு கோடு. மெல்லிய சத்தத்துக்குப் பச்சை, நடுத்தரத்துக்கு மஞ்சள், பலத்த சத்தத்துக்குச் சிவப்பு. அதைப் பார்த்துக்கொண்டு குரல் கொடுத்து, முதல் நாளே பன்னிரண்டு கட்டை தாண்டினேன்.

ஆனால் இரண்டாம் நாளே வாத்தை மறந்துவிட்டேன். கோட்டை வைத்துக்கொண்டு வீட்டை அளக்க ஆரம்பித்தேன். மின்விசிறி பச்சை. அண்ணன் அப்பளம் கடிப்பது மஞ்சளுக்கும் மேலே. நான் பாத்திரத்தைக் கீழே வைப்பது அடர் சிவப்பு, இத்தனை வருடமாக என்னிடம் யாரும் சொன்னதில்லை. அண்ணி பக்கத்து வீட்டைப் பற்றி அண்ணன் காதில் ரகசியம் சொல்வதும் அதே சிவப்பு. அதை அவளிடம் காட்டினேன்.

"போன் ரிப்பேரு" என்றாள்.

அடுத்த ஞாயிறு கடற்கரைக்குப் போனோம். கடல் எவ்வளவு என்று பார்க்க வேண்டும் என்றேன். அண்ணன் போனை அலைக்கு நேராகப் பிடித்தான். பச்சை, மஞ்சள், திடீரென்று சிவப்பு. வாத்து பதினொன்றில் விழுந்தது. காற்று ஊடே வந்துவிட்டது, கடலுக்கு இன்னொரு வாய்ப்பு கொடுக்க வேண்டும் என்றாள் அண்ணி. கொடுத்தோம். ஏழு. சுண்டல் வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்தோம்.